ஒரே விளையாட்டா, பல விளையாட்டா? கோட்டா ராமசாமியின் வாழ்க்கை



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். பிள்ளையை எந்தக் கோச்சிங்கில் சேர்ப்பது? கிரிக்கெட்டா, ஷட்டிலா, டென்னிஸா? அதற்கு வரும் பதில்களைப் பார்த்தால், ஏழெட்டு வயதிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்றுதான் பலர் சொல்கிறார்கள். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்று இருந்தால் பிள்ளை எதிலும் தேறாது என்பது அவர்கள் பயம். கோச்சிங் கட்டணத்தையும் இன்றைய போட்டியையும் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் முடிவு எடுக்குமுன் நம் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். பெயர் கோட்டா ராமசாமி.

புச்சி பாபு கிரிக்கெட் போட்டி என்று ஒவ்வொரு ஆண்டும் பேப்பரில் படிக்கிறீர்கள் அல்லவா? அந்தப் புச்சி பாபு நாயுடுவின் மகன்தான் இவர். வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்களுக்கு இடம் இல்லாத காலம் அது. 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, நம்மவர்கள் ஆடுவதற்கு ஓர் இடம் உண்டாக்கியவர் புச்சி பாபு. ராமசாமி பிறந்தது 1896 ஜூன் 16. தாய்வழித் தாத்தா வீட்டுக்குச் சுவீகாரம் போனதால் 'கோட்டா' என்ற குடும்பப் பெயர் அவருக்கு வந்தது.

ராமசாமிக்குப் 12 வயதாக இருந்தபோது, 1908இல், தந்தை காலமானார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி மேட்சுக்கு அவர் செய்திருந்த ஏற்பாடு, அவர் மறைந்த பிறகுதான் நிறைவேறியது. பின்னாளில் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நடந்து, ஊரே திரண்டு பார்த்த மேட்ச் அதுதான். ராமசாமியும் அவருடைய அண்ணன்மாரும் அதில் இந்தியர் அணிக்காக ஆடினார்கள். ராமசாமி இடது கை பேட்ஸ்மேன்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பையனைக் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் தொடாதே என்று கட்டுப்படுத்தியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அப்படி நடக்கவில்லை. அவர் டென்னிஸும் ஆடினார். மேல்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் போனபோது அங்கே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கிரிக்கெட் அல்ல, டென்னிஸ். பல்கலைக்கழக அணிக்கு ஆடுபவர்களுக்குத் தரும் 'புளூ' என்ற கௌரவத்தை டென்னிஸில்தான் பெற்றார்.

டேவிஸ் கோப்பையில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டது 1921இல். அடுத்த ஆண்டே ராமசாமி அணியில் இருந்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ருமேனியாவை எதிர்த்து இரட்டையர் ஆட்டத்தில் ஃபைஸியுடன் சேர்ந்து ஆடினார். இந்தியா வென்றது. அப்போது அவருக்கு வயது 26.

அந்த நேரத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால், கிரிக்கெட்டுக்குச் செலவழித்த நாளெல்லாம் வீண் என்றுதான் தோன்றும். இந்தியாவுக்கு டெஸ்ட் அணியே அப்போது கிடையாது. முதல் டெஸ்ட் நடந்ததே 1932இல்தான். ஆனால் ராமசாமி கணக்குப் பார்க்கவில்லை. ஊர் திரும்பினார், வேளாண்மைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார், மெட்ராஸுக்காகக் கிரிக்கெட்டும் தொடர்ந்து ஆடினார்.

டேவிஸ் கோப்பை ஆடிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1936இல், இங்கிலாந்து போகும் இந்தியக் கிரிக்கெட் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த வயதில் பலர் மட்டையை மூலையில் வைத்திருப்பார்கள். லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் அவர் இல்லை. இரண்டாவது டெஸ்ட் ஜூலை 25 அன்று மான்செஸ்டரில் தொடங்கியது. அன்றைக்கு அவருக்கு 40 வயது முடிந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல்.

இந்தியா முதல் இன்னிங்ஸில் 203. இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571 எடுத்து டிக்ளேர் செய்தது. 368 ரன் பின்தங்கிய நிலையில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்து, இருவரும் சதம் அடித்தார்கள். அந்த ஆட்டம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே இன்னிங்ஸில் ராமசாமி 60 ரன் எடுத்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். முதல் இன்னிங்ஸில் 40. மேட்ச் டிரா ஆனது. அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டே டெஸ்ட், நான்கு இன்னிங்ஸ், மொத்தம் 170 ரன், சராசரி 56.66. அதற்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவில்லை.

டென்னிஸ் ஆடியதால்தான் 40 வயதில் இப்படி ஆட முடிந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். வரும் பந்தின் வேகத்தைக் கண் அளக்க வேண்டும், கால் சரியான இடத்துக்குப் போக வேண்டும், மணிக்கட்டு கடைசி நொடியில் திரும்ப வேண்டும். டென்னிஸுக்கும் பேட்டிங்குக்கும் இது பொது. ஒன்றில் பழகியது மற்றதில் வீணாகப் போகாது.

இதே கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே 1936 அணியில் நம் ஊர்க்காரர் இன்னொருவர் இருந்தார், எம்.ஜே. கோபாலன். வேகப்பந்து வீச்சாளர். 1934 நவம்பரில் ரஞ்சி கோப்பையின் முதல் பந்தைச் சேப்பாக்கத்தில் வீசியவர். அதே ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு டெஸ்டும் ஆடியிருந்தார். அதே சமயம் முதல் தரமான ஹாக்கி ஆட்டக்காரர். 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய ஹாக்கி அணியில் இருந்தவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட்டா என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஓவல் டெஸ்ட் தொடங்கிய ஆகஸ்ட் 15 அன்றுதான் பெர்லினில் தியான் சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வென்றது. லண்டனில் ராமசாமி ஆடினார். கோபாலன் ஆடும் அணியில் இல்லை.

ராமசாமிக்கு டென்னிஸ் ஒரு காலத்திலும் டெஸ்ட் கிரிக்கெட் வேறொரு காலத்திலும் அமைந்ததால் இரண்டும் மோதவில்லை. கோபாலனுக்கு இரண்டும் ஒரே கோடையில் வந்து நின்றன. ஆக, என்றாவது ஒரு நாள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோபாலனுக்கு அந்த நாள் வந்தபோது அவர் வளர்ந்த மனிதர், இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடி முடித்தவர். அவருக்கே எது நல்லது என்று முன்கூட்டித் தெரியவில்லை. அப்படியிருக்க, எட்டு வயதுப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று நாம் எப்படிச் சொல்வது?

ராமசாமிக்கு இருந்த வசதி நம் எல்லோருக்கும் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். அவர் வளர்ந்தது பெரிய செல்வந்தர் வீட்டில். காலமும் மாறிவிட்டது. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றைச் சிறு வயதிலேயே தீவிரமாகத் தொடங்குகிறார்கள். செஸ்ஸில் நம் குகேஷ் 2024இல் 18 வயதிலேயே உலக சாம்பியன் ஆனார். ஆனால் கிரிக்கெட், டென்னிஸ், ஷட்டில், ஹாக்கி போன்றவற்றில் பதின்ம வயது வரை பலவற்றையும் ஆடிவிட்டு ஒன்றுக்கு வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. வளரும் பிள்ளை ஆண்டு முழுவதும் ஒரே அசைவைச் செய்தால் தோளும் முழங்கையும் முட்டியும் தேய்ந்து வலிக்கும் என்று மருத்துவர்களும் எச்சரிக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், 15 அல்லது 16 வயது வரை ஒரே விளையாட்டில் முடக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். சிறு வயது என்பது சேமிப்புக் கணக்கு. போடலாம், எடுக்கலாம், மாற்றலாம். நிரந்தர வைப்பு நிதிக்கு நேரம் பிறகு வரும். அவசரப்பட்டுப் போட்டுவிட்டு இடையில் உடைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ராமசாமி பிற்காலத்தில் தேர்வுக் குழுவில் இருந்தார். 1952-53இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனார். தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதினார். அதன் தலைப்பில் தன்னைக் கிரிக்கெட் பித்தன் என்றோ டென்னிஸ் பித்தன் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை, விளையாட்டுகளின் பித்தன் என்றுதான் சொல்லிக்கொண்டார். 1985 அக்டோபர் 15 அன்று, 89 வயதில், சென்னையில் வீட்டைவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. என்ன ஆனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஷட்டில் கோர்ட்டை எல்லா மாலைகளிலும் ஒரு கோச்சிங் நிறுவனத்துக்கு வாடகைக்கு விடலாம் என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. வருமானம் வரும், பராமரிப்புச் செலவுக்கு உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு மாலையாவது கோர்ட்டும் முன்பக்க வெற்றிடமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும். ஒரு நாள் ஷட்டில், ஒரு நாள் கிரிக்கெட், ஒரு நாள் கபடி என்று அவர்கள் இஷ்டத்துக்கு ஆடட்டும். கூட்டத்துக்கு வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வரும்போது உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.