வானுயர் மாளிகை வகுத்த வங்காளி

சிகாகோ மாநகரில் மிச்சிகன் ஏரிக்கரையினின்று நோக்குவார்க்கு இரு கரிய மாளிகைகள் ஏனைய கட்டடங்களுக்கு மேலெழுந்து நிற்பது புலனாகும். ஒன்று 100 மாடிகளை உடையது. மற்றொன்று 110 மாடிகளை உடையது. பின்னது, 1973-ஆம் ஆண்டில் தன் முழு உயரமாகிய 1,450 அடியை எட்டிய நாள்முதல் 1998 வரை, உலகிலேயே மிக உயர்ந்த கட்டடம் என்னும் பெருமையைத் தாங்கி நின்றது. இவற்றின் பெயர்களை அறிந்தார் பலர். இவை காற்றுக்கு அசையாது நிற்கும் வகையினை வகுத்தவர் டாக்காவில் வளர்ந்து, கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் பயின்ற ஒரு வங்காளி என்பதனை அறிந்தார் சிலரே. அப்பெரியாரின் வரலாற்றை நம் காலனிக் குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பொறியியற் கல்வியை நாடி நிற்கும் நம் இளைஞர்களுக்கு, இவ்வாண்டு மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

பஸ்லுர் ரஹ்மான் கான் 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கணித ஆசிரியர். பின்னர்க் கல்வித்துறையில் உயர்பதவி வகித்தவர். ஆதலின் கணக்கு அவ்வில்லத்தில் விருந்தாளியன்று, வீட்டுப் பிள்ளை. டாக்காவில் அர்மானிடோலா அரசினர் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின் அவர் ஹூக்ளி ஆற்றின் மேல்கரையிலுள்ள சிப்பூர் சென்று, அங்குள்ள வங்காள எஞ்சினீரிங் கல்லூரியிற் சேர்ந்தார். நாடு பிரிவுற்ற காலம் அது. 1950-இல், இறுதித் தேர்வு நடைபெறும் வேளையில் மூண்ட வகுப்புக் கலகத்தால் அவர் கல்கத்தாவை விட்டு டாக்கா திரும்ப நேர்ந்தது. அங்கே அஹ்சனுல்லா எஞ்சினீரிங் கல்லூரியில் பட்டம் பெற்று, அக்கல்லூரியிலேயே சிறிது காலம் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

1952-இல் கல்வி உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகம் சென்றவர், மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்களும் டாக்டர் பட்டமும் பெற்றார். 1955-இல் சிகாகோவின் புகழ்பெற்ற கட்டடக்கலை நிறுவனமாகிய ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அன்ட் மெரில் அவரை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. கற்றதனைப் பிறந்த நாட்டுக்கு அளித்தல் கடன் எனக் கருதி 1957-இல் திரும்பிவந்து, கராச்சி நகர வளர்ச்சி நிறுவனத்தில் பொறுப்புமிக்க பதவியை ஏற்றார். பதவி பெரிது, ஆனால் வரைபலகையை அணுகவொட்டாது நிர்வாகப் பணிகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. 1960-இல் மீண்டும் சிகாகோ சென்றார். ஊரைவிட்டு வந்து தொழில் செய்யும் நமக்கு அம்முடிவின் கனம் எத்தகையது என்பதனை எவரும் விளக்கவேண்டுவதில்லை.

இனி, அவர் செய்த புதுமை யாது? உயர்ந்த கட்டடத்திற்குப் பெரும்பகை அதன் பளுவன்று, காற்றே. அகலமும் உறுதியும் மாறாதிருக்க, உயரத்தை மட்டும் இருமடங்காக்கினால், காற்று மோதுவதால் அடியில் விளையும் வளைவிசை நான்கு மடங்காகும். உச்சியின் அசைவோ பதினாறு மடங்காகும். இதனைத் தாங்கவே, 1931-இல் நியூயார்க்கில் 102 மாடிகளுடன் எழுந்த எம்பயர் ஸ்டேட் மாளிகை போன்றவற்றில், கட்டடத்தின் உள்ளெங்கும் எஃகுத் தூண்களும் உத்தரங்களும் காடுபோல் நிறைக்கப்பட்டன. உயரம் மிகமிக எஃகு மிகும்; எஃகு மிகமிகச் செலவு மிகும். ஓரளவுக்கு மேல் கட்டுவது வீண் ஆடம்பரம் என்றே செல்வரும் கைவிட்டிருந்தனர்.

கான் அவர்கள் இக்கணக்கைத் தலைகீழாகப் போட்டார். மூங்கிலை நோக்குக. நடுவில் ஒன்றுமில்லை, வலிமையெல்லாம் விளிம்பில் இருக்கிறது. அதே நாரைத் திரட்டி உள்ளே வெற்றிடமில்லாத மெல்லிய குச்சியாக்கினால் சிறு காற்றுக்கும் அது வளையும். கட்டடத்தின் தூண்களை உள்ளிருந்து அகற்றிப் புறச்சுவரிலே நெருக்கமாக நிறுத்தி, மாடிக்கு மாடி உத்தரங்களால் இறுகப் பிணைத்துவிட்டால், கட்டடம் முழுவதும் மண்ணில் ஊன்றிய ஒரே குழாயாகிக் காற்றை எதிர்க்கும். பொறியியலார் இதனைக் குழாய் அமைப்பு என்பர். 1960-களின் நடுவில் சிகாகோவில் எழுந்த டிவிட்-செஸ்ட்நட் என்னும் 43 மாடிக் குடியிருப்பு இம்முறையின் முதற்பயன். கான்கிரீட்டாலாகிய அதன் புறத்தூண்களுக்கிடையே தூரம் ஏறத்தாழ ஐந்தரை அடியே.

அடுத்தது, 1969-இல் முடிவுற்ற 100 மாடிகளையுடைய ஜான் ஹான்காக் மாளிகை. 2018 முதல் அப்பெயர் நீக்கப்பெற்று அது தெரு எண்ணால் வழங்கப்படுகின்றது. இதன் சிற்பியர் இருவர்: உருவை வகுத்தவர் புரூஸ் கிரகாம், உறுதியை வகுத்தவர் கான். அடியில் அகன்று மேலே குறுகிச் செல்லும் அதன் நான்கு முகங்களிலும் மாபெரும் பெருக்கற்குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எஃகினால் எழுதப்பட்டிருக்கக் காணலாம். குறுக்கே செல்லும் அவ்வெஃகுகள் புறத்தூண்களையெல்லாம் ஒன்றாகப் பிணைக்கின்றன. சன்னலின் குறுக்கே எஃகு ஓடுவது அழகுக்குறை என்றாரும் உளர். நமக்கோ அவ்வாறு தோன்றவில்லை. எலும்பை மறைத்துப் பூச்சுப் பூசுவதினும், இதனாலேயே நிற்கிறேன் என்று வெளிப்பட நிற்பது ஒரு நேர்மையன்றோ!

உயரத்தில் குடியிருப்போர் காற்றின் அசைவை எவ்வளவு பொறுப்பர் என்பதற்கு அந்நாளில் போதிய கணக்கில்லை. சிகாகோவின் அறிவியல் காட்சிசாலையில், துணி துவைக்கும் எந்திரத்தை விளக்கும் பொருட்டுச் சுழலும் மேடை ஒன்றிருந்தது. கான் அதனைக் கண்டார். சிலரை அதன்மேல் நிற்கவும் இருக்கவும் படுக்கவும் செய்து, மெல்ல அசைத்து, எந்த அளவில் அவர்களுக்கு அசைவு தெரிகின்றது என்று அளந்தார். நூறு மாடி மாளிகைக்கு ஆராய்ச்சிக்கூடம் ஒரு துவைக்கும் எந்திரக் காட்சி! மாளிகை எழத் தொடங்கியபோது இடையூறும் வந்தது. நிலத்தினுள் ஆழ இறக்கிய கான்கிரீட் அடித்தூண் ஒன்று குறையுடையது எனத் தெரியவரவே வேலை நிறுத்தப்பட்டது. ஏனைய அடித்தூண்களும் சோதிக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டன. மாதங்கள் பல கழிந்தன. பணம் முடக்கியோர் நொந்தனர். ஆயினும் ஐயத்தின்மேல் நூறு மாடி எழுப்ப எவர் துணிவர்?

பின்னர் வந்ததே சியர்ஸ் கோபுரம். 2009 முதல் இது வில்லிஸ் கோபுரம் எனப்படுகின்றது. இங்கே ஒரு குழாயன்று, ஒன்பது குழாய்கள். ஒவ்வொன்றும் பக்கத்திற்கு 75 அடி உடைய சதுரம். மூன்று மூன்றாக நெருக்கி அடுக்கப்பட்டு ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து நிற்பவை. 50-ஆம் மாடியில் இரண்டு நின்றுவிடும், 66-இல் மேலும் இரண்டு, 90-இல் மூன்று, எஞ்சிய இரண்டே 110-ஐ எட்டும். கைப்பிடி சிகரெட்டுகளை ஏற்றத்தாழ்வாகப் பிடித்துக் காட்டி இவ்வமைப்பை கிரகாம் விளக்கினார் என்பர்.

இவற்றுள் நாம் பெரிதும் வியப்பது உயரத்தையன்று, சிக்கனத்தை. எம்பயர் ஸ்டேட் மாளிகையில் தளத்தின் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 50 பவுண்டு எஃகு சென்றது. அதனினும் உயர்ந்த சியர்ஸ் கோபுரத்திற்கு 33 பவுண்டே போதுமானதாயிற்று. ஹான்காக் மாளிகைக்கோ 30 பவுண்டு. செல்வம் கொழிக்கும் நாட்டுக்குச் செட்டாகக் கட்டும் வழியைக் காட்ட ஏழை நாட்டிலிருந்து ஒருவர் செல்லவேண்டியிருந்தது!

1967-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றாராயினும் தாய்மொழியை அவர் மறந்தாரல்லர். இரவீந்திரர் பாடல்களைப் பாடி மகிழ்வார். தொழில்நுணுக்கம் அறிந்தவன் அதனுள்ளேயே தொலைந்துவிடலாகாது, கலையும் இசையும் மக்கள் வாழ்வும் அவனுக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. 1971-இல் வங்க மண் போர்க்களமானபோது அக்கொள்கை சோதனைக்கு வந்தது. சியர்ஸ் கோபுரம் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், சிகாகோவிலிருந்த வங்காளிகளை ஒன்றுகூட்டி, துன்புற்றோர்க்குப் பொருள் திரட்டவும், அமெரிக்க ஆட்சியாளரிடம் தம் மக்களின் வழக்கை எடுத்துரைக்கவும் அவர் முன்னின்றார். பங்களாதேஷ் அரசு 1999-இல், அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின், தன் உயரிய சுதந்திர விருதினை அவருக்கு அளித்தது.

அவருடைய இறுதிக்காலப் படைப்புக்களுள் ஒன்று உயரமானதேயன்று. ஜெட்டா விமான நிலையத்தில் ஹஜ்ஜுப் பயணிகள் தங்குதற்கென 210 கூடாரங்கள் அமைக்கப்பட்டன. பணி 1981-இல் முடிந்தது. கண்ணாடி இழையால் நெய்து மேற்பூச்சிட்ட துணி, எஃகுக் கம்பங்களினின்று வடங்களால் தொங்குகின்றது. பக்கங்கள் திறந்தவை. வெப்பக்காற்று உச்சி வழியே வெளியேற, கீழே நிழலும் காற்றோட்டமும் நிலவுகின்றன. பாலைவனத்து மக்களின் பழைய கூடாரத்தையே புதிய கணக்கினால் விரித்துவிட்டார்.

அந்த ஜெட்டா நகரிலேயே 1982-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அவருடைய ஐம்பத்துமூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு வாரமே இருந்தது. மகளாரும் தந்தையின் துறையையே மேற்கொண்டு, பின்னாளில் அவர் பணிகளை நூலாகவும் எழுதினார். உடல் சிகாகோவுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்நகரின் கிரேஸ்லாந்து இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. உயர்மாடிக் கட்டடத்திற்கு முதன்முதல் உருவம் கொடுத்த லூயி சல்லிவனும், ஜெர்மனியினின்று வந்து கண்ணாடி மாளிகைகளை எழுப்பிய மீஸ் வான் டர் ரோவும் துயில்வது அவ்விடத்திலேயே.