ஆசிரியராக வந்த திவான்

திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் எதிரே இறங்க வேண்டியவர்கள் நடத்துநரிடம் ஸ்டாச்யு என்று கேட்டுத்தான் சீட்டு வாங்குகிறார்கள். சிலை நிற்கும் சந்திப்பு என்பதால் அந்த இடத்திற்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சிலை யாருடையது என்பதை அறிந்தவர் குறைவு. கும்பகோணத்தில் பிறந்து, வாத்தியாராகத் திருவிதாங்கூருக்கு வந்து, பதினைந்து ஆண்டுகள் அந்த நாட்டின் திவானாக விளங்கிய சர் டி. மாதவ ராவின் சிலை அது.

அலுவலகங்களில் பொறுப்பேற்கும் நம் இளைஞர்கள் பலருக்கு இன்று ஒரு கவலை இருக்கிறது. கூட்ட அறைக்குள் நுழைந்தால் தம்மை நாலுபேர் மதிக்க வேண்டும், தம் சொல் எடுபட வேண்டும் என்ற கவலை. நிற்கும் விதம், பேசும் விதம், உடுத்தும் விதம் என்று அதைக் கற்றுத்தரும் வகுப்புகளும் பெருகியுள்ளன. அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு மனிதரின் வருகையால் ஓர் அரசாங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது என்றால், அந்த ஆற்றல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது.

மாதவ ராவ் 1828-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி, தஞ்சை மண்ணில் வேரூன்றிய மராத்தியக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் ரங்க ராவ், பெரிய தந்தையார் வேங்கட ராவ் ஆகிய இருவருமே திருவிதாங்கூர் திவான்களாக இருந்தவர்கள். சென்னையில் பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த உயர்நிலைப் பள்ளியில் பாவல் என்ற ஆங்கில ஆசிரியரிடம் அவர் பயின்றார். கணிதமும் இயற்பியலும் அவருக்கு உயிர். 1846-இல் சிறப்புத் தகுதியுடன் தேறினார். சிறிது காலம் தம் ஆசிரியரின் இடத்தில் நின்று பாடமும் நடத்தினார். பிறகு சென்னையில் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை. எண்களைக் கண்டு அஞ்சாத மனம் அங்கேயே உருவாகிவிட்டது. பின்னாளில் திவான் நாற்காலியில் அவருக்கு மிகவும் துணைநின்றது அதுதான் என்று சொல்லலாம்.

1849-இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க அவர் அழைக்கப்பட்டார். ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள் ஆகிய சகோதரர்கள் இருவரும் அவருடைய மாணவர்கள் ஆனார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இந்தப் பணி நீடித்தது. அரண்மனையில் ஆசிரியரின் நிலை விசித்திரமானது. பாடவேளையில் அவர் குரு. பாடம் முடிந்து எழுந்ததும் அதே பிள்ளைகளின் முன் அவர் ஓர் ஊழியர். இந்த இரண்டு நிலைகளிலும் தடுமாறாமல் நிற்கப் பழகியவருக்கு மற்ற சபைகள் கடினமாக இரா.

நெருக்கடியின் நடுவே

பின்னர் திவான் பேஷ்காராக அவர் உயர்த்தப்பட்டு, நாட்டின் தென்பகுதிப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956-இல் தமிழகத்தோடு இணைந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிதான் அது. வயல், குளம், வரி, வழக்கு, காவல் என்று அனைத்தையும் அங்கே அவர் நேரில் கண்டார். வழிப்பறியும் கொள்ளையும் குறைந்தன. குடிகள் எந்த வரிக்கு அஞ்சுகிறார்கள், எந்த அதிகாரி எங்கே கைநீட்டுகிறார் என்பதெல்லாம் திவான் ஆவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தன.

அந்நாளைய நிலைமை சாதாரணமானதன்று. 1805 உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். கஜானாவோ வறண்டிருந்தது. ஊழியர்களின் சம்பளம் நிலுவையில் நின்றது. ஸ்ரீபத்மநாப சுவாமி கோயில் நிதியிலிருந்தே கடன் வாங்கும்படி ஆயிற்று. ஜெனரல் கல்லன் என்ற ரெசிடெண்ட் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கே அமர்ந்து, ஆட்சியின் உள்விவகாரங்களிலெல்லாம் தலையிட்டு வந்தார். நிர்வாகம் திருந்தாவிட்டால் நாட்டையே எடுத்துக்கொள்ள நேரும் என்ற எச்சரிக்கை, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காலத்தில் 1855-இல் வந்து சேர்ந்தது. அது வெற்று மிரட்டல் அன்று. மறு ஆண்டே அவத் ராஜ்யம் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

1857-இல் திவான் கிருஷ்ண ராவ் காலமானார். அப்போது ஆண்டுகொண்டிருந்த உத்திரம் திருநாள் மகாராஜா மாதவ ராவைத் தற்காலிகத் திவானாக நியமித்தார். 1858-இல் அப்பதவி உறுதிசெய்யப்பட்டது. முப்பது வயதுகூட நிறையாத ஒருவரின் கையில், விழுந்துவிடும் நிலையிலிருந்த ஓர் அரசு வந்து சேர்ந்தது.

இங்கே திருவிதாங்கூரின் தனிச்சிறப்பு ஒன்றை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 1750-இல் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டை ஸ்ரீபத்மநாபரின் திருவடிகளில் சமர்ப்பித்தார். அதுமுதல் மன்னர்கள் பத்மநாப தாசர்கள் என்றே அழைக்கப்பட்டனர். நாட்டின் உடைமையாளர் பெருமாள், அரசர் அவருக்குத் தொண்டர். திவானோ தொண்டருக்குத் தொண்டர். நாற்காலி நம்முடையதன்று என்ற எண்ணத்தை அந்த நாட்டின் அமைப்பே நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

கணக்கும் துணிவும்

மாதவ ராவ் முதலில் கைவைத்தது வருமானத்தில். மிளகு அன்று சர்க்காரின் ஏகபோகம். விளைவித்தவன் சர்க்கார் நிர்ணயித்த விலைக்குச் சர்க்காருக்கே விற்க வேண்டும். விலை குறைவாக இருந்ததால் கள்ளக்கடத்தல் பெருகியது. அதைத் தடுக்கக் காவல், காவலுக்குச் சம்பளம், காவலனுக்கு லஞ்சம். புகையிலையிலும் இதே கதைதான். 1860-களின் தொடக்கத்தில் இவ்வேகபோகங்களை அவர் படிப்படியாக நீக்கி, மிளகுக்கு ஏற்றுமதித் தீர்வையும் புகையிலைக்கு இறக்குமதித் தீர்வையும் விதித்தார். சில்லறை வரிகள் பலவற்றை ஒழித்தார். 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவுடனும் கொச்சியுடனும் வணிக உடன்பாடு ஏற்பட்டு, எல்லைச் சுங்கங்களின் தடை தளர்ந்தது.

கஜானா காலியாக இருக்கும்போது வரியை நீக்குவதற்கு அசாத்திய மனவுறுதி வேண்டும். எந்த நாட்டில் எந்த அமைச்சரும் இதைச் செய்யத் தயங்குவார். வருமானம் குறைந்துவிடுமே என்ற அச்சத்தைக் கணக்கு கொண்டு எதிர்கொண்டவர் மாதவ ராவ். வணிகம் தழைத்தது. கடன் அடைந்தது. சில ஆண்டுகளில் வரவு செலவை மிஞ்சியது.

1865-இல் வெளியான பண்டாரப்பாட்ட விளம்பரம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது என்பது என் கருத்து. சர்க்கார் நிலத்தில் உழுத குடியானவன் அதுவரை வெறும் குத்தகைக்காரன். நிலத்தை விற்கவோ ஈடுவைக்கவோ முழு உரிமை கிடையாது. அவ்விளம்பரம் அவனை நிலத்துக்கு உடையவன் ஆக்கியது. வரியைச் செலுத்திவிட்டால் யாரும் அவனை வெளியேற்ற முடியாது. பட்டங்களும் மாளிகைகளும் மறைந்தாலும், ஓலையில் எழுதிய அந்த உரிமை குடும்பம் குடும்பமாகத் தொடர்ந்தது.

ஊழியர்களிடம் அவர் நடந்துகொண்ட முறையும் கருதத்தக்கது. சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார், உயர்த்தியும் கொடுத்தார். அதன் பிறகே நேர்மையை எதிர்பார்த்தார். சட்டம் பயின்றவர்களை நீதிபதிகளாக அமர்த்தினார். ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை எழுதி வெளியிடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். தெளிவான ஆங்கிலத்தில் வரவு செலவு, வழக்குகள், சாலைகள், பள்ளிகள் எல்லாம் அந்த அறிக்கைகளில் இடம்பெற்றன. ரெசிடெண்ட் கேட்பதற்கு முன்பே விவரம் மேசைமீது இருந்தால் தலையிட என்ன இருக்கிறது? கல்லன் 1860-இல் விலகியபின் வந்த மால்ட்பி அவருக்குத் துணையாகவே நின்றார். குரலை உயர்த்தாமல், தயாரிப்பின் வலிமையாலேயே ஓர் ஆதிக்கத்தை அவர் பின்வாங்கச் செய்தார்.

1866-இல் மகாராஜாவின் இலவசப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. சாலைகளும் கால்வாய்களும் நீண்டன. தலைமைப் பொறியாளர் பார்ட்டனின் மேற்பார்வையில் எழுந்த ஹஜூர் கச்சேரிக் கட்டடம் 1869-இல் திறக்கப்பட்டது. இன்றைய தலைமைச் செயலகத்தின் வெண்தூண் முகப்பு அதுவே. 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்து சுந்தரராம ஐயரின் இல்லத்தில் ஒன்பது நாட்கள் தங்கியபோது, அவரோடு உரையாடியவர்களுள் இக்கல்லூரியின் பேராசிரியர் ரங்காச்சாரியாரும் ஒருவர். சுந்தரராம ஐயரும் அன்று ஓர் இளவரசருக்கு ஆசிரியர்!

காணத் தவறிய கண்கள்

மாதவ ராவின் வாழ்வில் ஒரு நிழலும் உண்டு. அதை மறைத்து எழுதுவது அவருக்கும் பெருமையன்று. தென்திருவிதாங்கூரில் நாடார் சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகளாகப் போராடி வந்தனர். 1858-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1859-இன் தொடக்கத்திலும் கலவரம் மூண்டது. பெண்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் எரிந்தன. திவானாகப் புதிதாக அமர்ந்திருந்த மாதவ ராவ் அப்போது வெளியிட்ட அறிவிப்பு, அமைதியைக் காக்க வேண்டும் என்பதோடு, பழைய வழக்கத்தை மீறக்கூடாது என்றும் கூறியது. சென்னை கவர்னர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன் வற்புறுத்திய பின்னரே, 1859 ஜூலை 26-இல் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதுவும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற வரம்போடுதான்.

அந்தப் பகுதியைப் பேஷ்காராக ஆண்டு நன்கு அறிந்தவர் அவர். வரியின் பாரத்தைக் கண்ட கண்கள், ஒரு தாயின் மானத்தின் பாரத்தை அதே தெளிவோடு காணவில்லை. வழக்கம் என்ற சொல் எத்தனை நல்ல அறிவையும் மூடிவிடுகிறது! மலையாள நாட்டின் சாதிக் கொடுமைகளைச் சுவாமிஜி 1897-இல் சென்னையில் கடுமையாகச் சாடியதன் பின்னணி இத்தகைய நிகழ்ச்சிகளே. மாதவ ராவின் காலத்து அறிஞர்களில் பலரும் அவ்வாறே இருந்தார்கள் என்பது விளக்கமாகலாம். அது நியாயமாகாது.

மாணவரின் கீழ்

1860-இல் ஆயில்யம் திருநாள் அரியணை ஏறினார். பாடம் கேட்ட மாணவர் மன்னர் ஆனார், பாடம் சொன்னவர் அவருக்கு ஊழியர் ஆனார். முதல் ஆண்டுகளில் இருவரும் ஒருமனத்தோடு உழைத்தனர். திருவிதாங்கூர் ஒரு முன்மாதிரி அரசு என்ற புகழ் அக்காலத்தில்தான் பிறந்தது. 1866-இல் மன்னருக்கு மகாராஜா பட்டமும், திவானுக்கு சர் பட்டமும் கிடைத்தன. புகழ் திவானின் பெயரைச் சுற்றியே வளர்ந்ததும், அரண்மனையில் இருந்தவர்களின் பேச்சும் சேர்ந்து, மெல்ல மெல்ல இடைவெளி உண்டாயிற்று. அரசர்களின் அருகில் இருப்பவர்களுக்கு இது புதிதன்று. இன்றைய அலுவலகங்களுக்கும் புதிதன்று.

1872-இல், நாற்பத்து மூன்றாம் வயதில், மாதவ ராவ் பதவியிலிருந்து விலகினார். மாதம் ஆயிரம் ரூபாய் ஓய்வூதியம் வழங்கப்பட்டது. அவருக்குப்பின் திவானாக வந்தவர் சேஷையா சாஸ்திரி. அவரும் கும்பகோணப் பகுதியைச் சேர்ந்தவர், அவரும் பாவலின் மாணவர். மாதவ ராவின் இளைய மாணவரான விசாகம் திருநாள், தம் ஆசிரியரின் ஆட்சித்திறனைப் போற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு புகழ்பெற்ற இதழில் அது அதே ஆண்டில் வெளியாயிற்று. ஒரு மாணவர் இழந்த நம்பிக்கையை மற்றொரு மாணவர் காத்தார்.

சென்னையில் வீடு கட்டி அமர்ந்தவரை ஓய்வு விடவில்லை. 1873-இல் இந்தூர் மன்னர் துகோஜி ராவ் ஹோல்கர் அவரை அழைத்துக்கொண்டார். 1875-இல் பரோடாவில் மல்ஹர் ராவ் கெய்க்வாட் பதவி நீக்கப்பட்டபோது, சீர்குலைந்திருந்த அந்த அரசை நிமிர்த்தும் பொறுப்பும் இவரையே தேடி வந்தது. மன்னராகத் தத்தெடுக்கப்பட்ட சாயாஜி ராவ் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவர், கிராமத்தில் வளர்ந்தவர். அந்த அரசை நடத்திக்கொண்டே, அரசரையும் உருவாக்க வேண்டியிருந்தது. 1881-இல், ஆட்சிப் பொறுப்பை ஏற்கவிருந்த இளம் மன்னருக்கு மாதவ ராவ் தொடர்ச்சியாகப் பாடங்கள் சொன்னார். குடிகளின் நலமே முதற்கடமை என்பதில் தொடங்கி, அமைச்சர்களைத் தெரிவு செய்வது, அரண்மனைச் செலவை அடக்குவது, யோசிக்காமல் வாக்குக் கொடுக்காதிருப்பது வரை அவற்றில் பேசப்பட்டன. அவை நூலாகவும் அச்சாயின. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாடத்தை அவர் பரோடாவில் மீண்டும் எடுத்தார். பின்னாளில் சாயாஜி ராவ் கல்விக்கும் சமூகச் சீர்திருத்தத்திற்கும் செய்தவற்றை நாடறியும்.

1882-இல் பரோடாவை விட்டு மயிலாப்பூர் திரும்பினார். 1887-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது வரவேற்புக் குழுவின் தலைவராக இருந்தார். குழந்தை மணத்தின் தீமை உட்படப் பல பொருள்கள் பற்றி இதழ்களில் எழுதினார். 1891 ஏப்ரல் 4-ஆம் தேதி அவருடைய உயிர் பிரிந்தது.

அவருடைய பரோடா நாட்களைச் சேர்ந்த ஒரு செய்தி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிளிமானூர் ரவி வர்மா சிறுவனாகத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்து ஓவியம் பழகியபோது திவானாக இருந்தவர் மாதவ ராவ். பின்னர் அவரைப் பரோடாவுக்கும் வரவழைத்து, அரசருக்காக ஓவியங்கள் வரையச் செய்தார். ரவி வர்மாவின் படங்களை எல்லோரும் விரும்புகிறார்கள், ஒருவர் கையால் அத்தனை பேருக்கும் வரைந்து கொடுக்க இயலாது, எனவே சிலவற்றை எண்ணெய் அச்சுப் படங்களாகப் பதிப்பிக்கலாமே என்று அவருக்குக் கடிதம் எழுதி யோசனை கூறியவரும் இவரே. 1894-இல், மாதவ ராவ் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப்பின், ரவி வர்மாவின் அச்சகம் பம்பாயில் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும் கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லாதவர்களின் குடிசைச் சுவர்களிலும் இடம்பிடித்தார்கள்.