கடலிலும் களத்திலும்

எம்லன் டனல் 1924ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே அமெரிக்கக் காற்பந்தில் சிறந்து விளங்கினார். இது நாம் அறிந்த காற்பந்திலிருந்து வேறுபட்டது. ஆட்டக்காரர்கள் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர்; தம் அணியினரிடம் எறிவர். எதிரணியினர் அவர்களை மோதித் தடுப்பர்.

டனல் 1942இல் டொலிடோ பல்கலைக்கழக அணிக்காக ஆடியபோது, அவரது கழுத்து எலும்பு முறிந்தது. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. குணமடைந்த டனல் நாட்டுக்காகப் பணியாற்ற முன்வந்தார். ஆனால், கழுத்துக் காயத்தைக் காரணம் காட்டித் தரைப்படையும் கடற்படையும் அவரை ஏற்க மறுத்தன. அவர் மனம் தளரவில்லை. 1943இல் கடலோரக் காவற்படையில் சேர்ந்தார்.

1944 ஏப்ரலில், நியூ கினித் தீவின் அருகே அவர் பணியாற்றிய சரக்குக் கப்பலை ஜப்பானிய விமானம் தாக்கியது. கப்பலில் தீ மூண்டது. சக மாலுமி ஒருவரின் உடலில் தீப்பற்றியதைக் கண்ட டனல், தம் வெறுங்கைகளாலேயே தீயை அடித்து அணைத்தார். அவரைப் பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கிச் சென்றார். அம்மாலுமி உயிர் பிழைத்தார். டனலின் கைகளோ தீக்காயமடைந்தன. 1946இல் வேறொரு மாலுமி கப்பலிலிருந்து தவறி விழுந்தார். உறையவைக்கும் குளிர்நீர் என்றும் பாராமல் டனல் கடலில் குதித்து அவரையும் காப்பாற்றினார்.

போருக்குப் பின் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்றவாறே மீண்டும் ஆடினார். 1948இல் எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் அதுவரை ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடியதில்லை. இருப்பினும், வாழைப்பழ லாரியில் இடம் கேட்டுப் பயணம் செய்து, அவ்வணியின் அலுவலகத்துக்கே சென்று வாய்ப்புக் கேட்டார். வாய்ப்புக் கிடைத்தது.

எதிரணியினர் எறியும் பந்தை இடைமறித்துப் பிடிப்பதில் டனல் வல்லவர். அவ்வாறு 79 பந்துகளைப் பிடித்து, அக்காலத்தில் சாதனை படைத்தார். 1961இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றபின் இளம் திறமையாளர்களைக் கண்டறியும் பணியில் ஈடுபட்டார். பின்னர் ஜயன்ட்ஸ் அணியின் துணைப் பயிற்றுநரானார். அக்காலத்தில் கறுப்பினப் பயிற்றுநரைக் காண்பதே அரிது. 1967இல் தொழில்முறைக் காற்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் சிறப்பையும் பெற்றார்.

1975இல் ஜயன்ட்ஸ் அணியின் பயிற்சி முகாமில் இருந்தபோது மாரடைப்பால் டனல் காலமானார். அவருக்கு வயது 51. களத்தில் அவர் படைத்த சாதனைகளை நாடே அறிந்திருந்தது. கடலில் அவர் காத்த உயிர்களுக்கோ, அவர் வாழ்ந்த காலத்தில் எந்தப் பதக்கமும் வழங்கப்படவில்லை. 2011இல்தான் உயிர்காத்தோருக்கான வெள்ளிப் பதக்கம் அவரது குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று கடலோரக் காவற்படைக் கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கிக் கடலில் வலம் வருகிறது. பாராட்டை எதிர்பார்த்து அவர் தீயில் கை வைக்கவில்லை. ஓர் உயிரைக் காக்கவே கை வைத்தார்.