காவலூர் மலையில் ஒரு பெரிய கண்



சர் சி.வி. ராமனைத் தெரியும், கணித மேதை ராமானுஜனைத் தெரியும். வைணு பாப்பு யாருன்னு கேட்டா நம்மில் எத்தனை பேர் கை தூக்குவோம்? உலகத்து வானியல் அறிஞர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர் அது. அவர் உழைத்தது நம்ம தமிழ்நாட்டு மலைகளில். அதனால்தான் இந்த மாதம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

1927 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையில் பிறந்தார். அப்பா ஹைதராபாத்தில் நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். நம்ம ஊர்ப் பிள்ளைகள் அப்பாவோடு காட்டுக்குப் போய் உழவு கற்றுக்கொள்வது போல, இவர் தொலைநோக்கிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தார். கல்லூரியில் படிக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை ராத்திரி ராத்திரியாகக் கவனித்துக் கட்டுரை எழுதினார். யாரும் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை இல்லை அது. ஆசைக்குச் செய்தது!

பிறகு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 1949 ஜூலையில் வானத்தைப் படம் எடுத்த தகட்டில் ஒரு புது வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதை உறுதி செய்த இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு பாப்பு-போக்-நியூகிர்க் என்று பெயர் வைத்தார்கள். 1957இல் ஓலின் வில்சன் என்ற அறிஞரோடு சேர்ந்து இன்னொரு பெரிய உண்மையை வெளியிட்டார். ஒருவகை நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கால்சியம் தரும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் அகலத்தை அளந்தாலே அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். அதை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு கணக்குப் போடலாம். இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

இவ்வளவு பேர் வாங்கியவர் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனா திரும்பி வந்தார். முதலில் வடக்கே நைனிடாலில் ஆய்வகம் அமைக்கப் பாடுபட்டார். 1960இல் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். அப்போ வயசு முப்பத்துச் சொச்சம்தான்!

கொடைக்கானல் ஆய்வகம் 1899இல் தொடங்கியது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலான படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சூரியனைப் பார்க்க நல்ல இடம். ராத்திரி நட்சத்திரம் பார்க்கத்தான் மேகம் விடாது. அதனால் பாப்பு வேறு இடம் தேடினார். வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில், சந்தனக் காட்டுக்குள் இருக்கும் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இப்போது அது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. நகரத்து வெளிச்சம் எட்டாத இடம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால், வடக்கு நாடுகளில் தெரியாத தெற்கு வானமும் அங்கே தெரியும். நம்ம குருவிகுளம் அதைவிடத் தெற்கே இருக்கு என்பதையும் நினைவில் வையுங்கள்!

முதலிலேயே பெரிய கருவிக்கு அவர் ஆசைப்படவில்லை. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்தார். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது அது. 1972இல்தான் ஜெர்மனியில் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி ராத்திரி, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தைக் கடந்தபோது அந்த நட்சத்திர ஒளி திடீர்னு மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அந்த ராத்திரிதான்.

ஆய்வகம்னா தொலைநோக்கியை வாங்கி வைத்தால் போதும்னு நினைக்கிறோம். அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. கண்ணாடிமேல் பூசிய அலுமினியப் பூச்சு தூசியிலும் ஈரத்திலும் மங்கிப்போகும். அதைக் கழுவி எடுத்துப் புதுசாகப் பூச வேண்டும். பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால், தொலைநோக்கியும் மெதுவாக நட்சத்திரத்தின் பின்னாலேயே திரும்ப வேண்டும். தூறல் விழுந்தால் கூரையை உடனே மூட வேண்டும். இதெல்லாம் நம்ம ஆட்களே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பாப்பு பட்டறையும் கண்ணாடி தேய்க்கும் கூடமும் வளர்த்தார். அடுத்தவன் கையை எதிர்பார்த்தால், ஒரு திருகு கழன்றாலும் ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் அல்லவா?

அவருடைய பெரிய கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. நம் நாட்டிலேயே செய்யத் திட்டமிட்டார். வேலை நடந்துகொண்டிருந்தது. 1979இல் உலக வானியல் சங்கத்துக்கே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1981இல் பத்மபூஷண் கிடைத்தது. ஆனால் 1982 ஆகஸ்ட் 19ஆம் தேதி ஜெர்மனியில் மியூனிக் நகரில் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு 55 வயது. தன் பெரிய தொலைநோக்கி வழியாக ஒரு நட்சத்திரத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. அவர் பழக்கிய கைகள் முடித்தன. 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி, ஆய்வகத்துக்கும் அந்தத் தொலைநோக்கிக்கும் வைணு பாப்பு பெயரையே சூட்டினார். 2016இல் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும்வரை இந்தியாவில் அதுதான் பெரியது. அவர் கண் மூடினாலும் காவலூரில் அந்தக் கண் திறந்தே இருக்கிறது.

நண்பர்களே, நம்ம கரிசல் காட்டில் ராத்திரி நல்ல இருட்டு. மழை இல்லாத மாதங்களில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். நம் பள்ளியிலும் வானியல் மன்றம் தொடங்கலாம், சின்னத் தொலைநோக்கி ஒன்று போதும். ஆனா அதற்கு முன்னால் மூன்று பேர் வேண்டும். பார்த்து முடித்ததும் மூடி போட ஒருவர். ஈரம் படாமல் பெட்டியில் வைக்க ஒருவர். தேதி, நேரம், பார்த்தது எல்லாம் நோட்டில் எழுத ஒருவர். கண்ணாடியைத் துணியால் துடைக்கக் கூடாது, கீறல் விழும். தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, கண் போய்விடும்!

நோட்டு எழுத நான் தயார். மற்ற இரண்டு பேர் யார்? அறிவியல் ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். நாம் பத்தாவது முடித்துப் போன பிறகும், ஆறாவது பிள்ளைகள் அந்த நோட்டில் தொடர்ந்து எழுத வேண்டும்.