நம்பர் கொடுத்த தாடிக்காரர்

1972 மே மாசம். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் அப்போ ரொம்பச் சின்னது. எந்த சர்வீஸுக்கு எந்த சாக்கெட் நம்பர்னு ஆளாளுக்கு ஒண்ணு வெச்சுக்கிட்டா என்ன ஆகும்? 28 வயசு மாணவர் ஒருத்தர் ஆர்.எஃப்.சி. 349ன்னு ஒரு குறிப்பு எழுதினார். நம்பர் கொடுக்க ஒரே ஒரு ஆள் வேணும்னு சொல்லி, அது தானாகவே இருக்கலாமான்னு அடைப்புக்குறிக்குள்ள ஒரு கேள்விக்குறியும் போட்டார். யாரும் மறுக்கல. அடுத்த 26 வருஷம் அதுதான் அவர் வேலை.

அவர் ஜான் போஸ்டல். 1943 ஆகஸ்ட் 6ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். படிச்சது வான் நைஸ் ஹைஸ்கூல். வின்ட் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் ரெண்டு பேரும் அதே ஸ்கூல்தான். (அந்த ஸ்கூல் தண்ணியில என்னமோ இருந்திருக்கு!) யு.சி.எல்.ஏ.வில் 1974ல் பிஎச்டி. 1977ல் தென் கலிஃபோர்னியா பல்கலையின் ஐ.எஸ்.ஐ. ஆய்வகத்துக்குப் போனவர், கடைசிவரை அங்கேதான். நீளத் தாடி, செருப்பு. ஆர்.எஃப்.சி.க்களுக்கு எடிட்டரும் அவரே. 1981ல் வந்த ஐ.பி., டி.சி.பி. ஆவணங்கள் அவர் கையால் தொகுக்கப்பட்டவை.

நம்பர் பதிவேட்டை ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் அவரும் சேர்ந்து பார்த்துக்கிட்டாங்க. அந்த வேலைக்குப் பின்னாடி வந்த பேர் ஐயானா. லேப்ல டி.எச்.சி.பி. சர்வர் 67ஆம் போர்ட்டில் கேக்குது, கிளையன்ட் 68ல் கேக்குதுன்னு மனப்பாடம் பண்றோமே, அதெல்லாம் அந்தப் பதிவேட்டு வரிகள்தான். 192.168ன்னு ஆரம்பிக்கிற முகவரிகளும் அப்படித்தான். உள் உபயோகத்துக்குன்னு ஐயானா ஒதுக்கி வெச்சது, 1996ல் ஆர்.எஃப்.சி. 1918 அதை எழுதி வெச்சுது. அதனாலதான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி பிரின்டரும் ஆவடியில இன்னொரு ஆபீஸ் பிரின்டரும் 192.168.1.50ஆவே இருந்தாலும் ஒண்ணும் ஆகாது.

ஆனா ஒரே ஆபீஸுக்குள்ள ரெண்டு 50 வந்தா? இன்டர்ன்ஷிப் போறவங்களுக்கு முதல் வாரமே வர்ற கேஸ் இது. பிரின்டரோட மேக் முகவரியைப் போட்டு சர்வரில் 50ஐ ரிசர்வ் பண்ணியிருப்பாங்க. யாரோ ஒருத்தர் பில்லிங் சிஸ்டத்துல கையால 50ன்னு அடிச்சிடுவார். சர்வர்கிட்ட கேக்காம எடுத்துக்கிட்டதால, அதோட லிஸ்ட்டுல அது இருக்காது. ரிசர்வேஷன் பார்த்தா சரியா இருக்கும், பிரின்ட் மட்டும் வராது. அதே நெட்வொர்க்கில் வேற ஒரு சிஸ்டத்திலிருந்து 50க்கு பிங் பண்ணி, ஆர்ப் டேபிளில் எந்த மேக் பதில் சொல்லுதுன்னு பாருங்க. பிரின்டர் பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரோட ஒத்துப்போகலைன்னா திருடன் மாட்டிட்டான். இன்னொரு வகையும் உண்டு: லேப்டாப்பின் வைஃபை மேக்கைப் போட்டு ரிசர்வ் பண்ணிட்டு, கேபிளைச் செருகுவாங்க. கேபிளுக்கு மேக் வேற, அதனால கிடைக்கிற முகவரியும் வேற. அதுவும் இல்லைன்னா, யாரோ வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டி, அதுவும் முகவரி கொடுத்துக்கிட்டு இருக்கும்.

மூணுக்கும் காரணம் ஒண்ணுதான், பதிவேட்டுக்கு வெளியே ஒரு நம்பர் போயிடுச்சு. போஸ்டல் உலகம் முழுக்க இதை நடக்கவிடாம பார்த்துக்கிட்டார். அவர் கையில போலீஸ் கிடையாது, சட்டம் கிடையாது. அவர் கொடுத்த நம்பரை எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். 1989ல் நம்ம நாட்டுக்கான .இன் டொமைன் பம்பாய் என்.சி.எஸ்.டி. பொறுப்புக்கு வந்ததும் இந்தப் பதிவேட்டின் வழியாத்தான்.

அப்புறம் டொமைன் பேரில் பணம் புரள ஆரம்பிச்சுது. பதிவேடு யாருக்குச் சொந்தம்னு சண்டை. 1998 ஜனவரி 28 அன்னைக்கு, ரூட் சர்வர் நடத்துறவங்க எட்டுப் பேருக்கு போஸ்டல் ஒரு மெயில் போட்டார்: மூலப் பட்டியலை இனிமே அரசு ஒப்பந்தக் கம்பெனியிடமிருந்து எடுக்காதீங்க, ஐயானா சர்வரிலிருந்து எடுங்க. எட்டுப் பேரும் மாத்திட்டாங்க! ரெண்டிலும் ஒரே தகவல் இருந்ததால, நெட் பார்த்துக்கிட்டு இருந்த யாருக்கும் எதுவும் தெரியல. வெள்ளை மாளிகைக்குத் தெரிஞ்சுது. அழுத்தம் வந்தது, அது ஒரு சோதனைதான்னு சொல்லிட்டு, சில நாளில் பழையபடி மாத்திட்டார்.

அது சோதனைதானா, எச்சரிக்கையான்னு இன்னும் பேசுறாங்க. எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது. அதே சமயம், ஒரு மெயில்ல இன்டர்நெட்டின் தலையைத் திருப்ப முடியும்ங்கிறது, அந்த ஆள் நல்லவரா இருந்தாலும் பயமாத்தான் இருக்கு.

அந்த வருஷம் செப்டம்பர்ல, இந்தப் பொறுப்பை ஏத்துக்க ஐகேன் அமைப்பு உருவாச்சு. அதோட முழுச் செயல்பாட்டை அவர் பார்க்கல. இதய அறுவை சிகிச்சைக்கு அப்புறம் அக்டோபர் 16ல் இறந்துட்டார். வயசு 55. பழைய ஸ்கூல்மேட் வின்ட் செர்ஃப் எழுதின அஞ்சலி ஆர்.எஃப்.சி. ஆவே வெளியாச்சு. அதோட நம்பர் 2468.