கலாயோகி ஆனந்த குமாரசுவாமி: அழியுமுன் குறித்து வைத்தவர்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் சிவபெருமானின் நடனம் பற்றி அவர் எழுதிய நூலே எம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பழைய கட்டடங்களைக் காக்க அவர் ஆற்றிய பணியையும் எமது பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

அவர் 1877 ஆகஸ்ட் 22-இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி. தாய் எலிசபெத் பீபி, ஆங்கிலேயர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருடைய தந்தையின் சகோதரி மகன். இரண்டு வயது நிரம்புமுன்பே தந்தையை இழந்த ஆனந்தர் இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்து, லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றார்.

பின்னர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளரானார். கற்களை ஆராயக் கண்டி நாட்டுக் கிராமங்களுக்குச் சென்றவர், பழைய விகாரைகள் சிதைந்து கிடப்பதைக் கண்டார். திருத்த வேலை என்ற பெயரிலும் பழைய வேலைப்பாடுகள் மறைந்துகொண்டிருந்தன. அவற்றைக் காக்குமாறு 1905-இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

இவ்விடயத்தில் அவருக்கு வழிகாட்டியவர் வில்லியம் மொறிஸ். இங்கிலாந்தின் மத்தியகாலக் கிறிஸ்தவ ஆலயங்கள் புதுப்பித்தல் என்ற பெயரில் உருமாறுவதைக் கண்டு, 1877-இல் பண்டைக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியவர் அவர். மாற்றிக் கட்டாதே, பழுதை மட்டும் பார் என்பதே அச்சங்கத்தின் கொள்கை. அதற்கு முதலில் எந்தச் சுவர் எக்காலத்தது, எங்கே வெடிப்பு, எங்கே நீர்க்கசிவு என்று அளந்து, வரைந்து, படமெடுத்து வைக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் கைவைத்தால், எது போயிற்று என்றே பின்னர் தெரியாது.

ஆனந்தரும் அவ்வாறே கட்டடங்களையும் கைவினைஞரின் வேலைமுறைகளையும் குறித்துக்கொண்டார். மனைவி எதெல் படமெடுத்தார். இங்கிலாந்து திரும்பியபின், புரோட் கம்டன் கிராமத்தில் பழுதுபார்க்கப்பட்ட பழைய நோர்மன் கிறிஸ்தவ ஆலயமொன்றே அவர்களின் இல்லமாயிற்று. மொறிஸின் அச்சியந்திரத்தை அங்கே நிறுவி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908-இல் 425 பிரதிகள் அச்சிட்டு முடித்தார். 1917 முதல் அமெரிக்காவில் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்தில் பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9-இல் காலமானார்.

கணக்காளரான எமக்கு இது இருப்புக் கணக்கெடுப்புப் போன்றது. என்ன இருந்தது என்ற ஏடு இல்லையேல், என்ன இழந்தோம் என்று சொல்ல முடியாது. 1990-இல் குண்டுவீச்சுக்குள்ளான கீரிமலை நகுலேஸ்வரத்தை நினைத்தால் இதன் அருமை விளங்கும். 1985-இல் குடமுழுக்குக் கண்ட ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் ஆலயம் போல, இங்குள்ள எமது கோயில்களுக்கும் வயது ஏறுகின்றது. ஒவ்வொரு திருப்பணிக்கு முன்பும் அளவுகளையும் படங்களையும் பதிந்து வைப்போம். ஊர்க்கோயிலின் பழைய படங்கள் வீட்டில் இருந்தால், அவற்றின் பின்புறத்தில் கோயிலின் பெயரையும் ஆண்டையும், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.