கானடாவை அளந்த டேவிட் தாம்ஸன்

கானடா தேசம் மூன்று சமுத்திரங்களைக் கரையாகக் கொண்டு பரந்து கிடப்பது. அதன் மேல்பாகத்து ஆறுகளையும் மலைகளையும் செவ்வையாக அளந்து தேசப்படம் வரைந்த பெரியார் டேவிட் தாம்ஸன் ஆவர். அன்னார் சரிதையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

தாம்ஸன் 1770-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி லண்டன் மாநகரில் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் பகுதியிற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து, ஏழைச் சிறுவர்க்கென ஏற்பட்ட தர்மப் பள்ளியிற் கல்வி பயின்றார். 1784-ல், தமது 14-ஆம் வயதில், ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனியாருக்கு ஏழாண்டு ஊழியம் புரிய உடன்பட்டுக் கப்பலேறினார். அந்நாளில் ஐரோப்பியரைக் கானடாவுக்கு ஈர்த்த பெரும்பொருள், தொப்பி செய்தற்கு உதவும் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலே.

1787-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை அவர் பியேகன் குலத்தாரிடை வாழ்ந்த சாக்கமாப்பி என்னும் முதியவரது கூடாரத்திற் கழித்து, அம்மக்களின் பழைய வரலாறுகளைக் கேட்டறிந்தார். மறுவருஷம் டிசம்பரில் அவரது கால் முறிந்தது. அதனால் நெடுநாள் நடக்கலாற்றாது தங்கியிருந்தவர், பிலிப் டர்னர் என்பாரை அடுத்து, வானசோதிகளை நோக்கி இடங்களின் நிலையைக் கணிக்கும் வித்தையைக் கற்றார். அக்காலத்தே வலக்கண்ணின் பார்வையையும் இழந்தார். ஆயினும் ஊக்கம் குன்றிலர். ஒப்பந்தம் முடிந்தோர்க்குக் கம்பெனியார் புத்தாடை வழங்குவது வழக்கம். தாம்ஸனோ ஆடைக்கு மாறாக அளவைக் கருவிகளையே வேண்டினார்!

1797-ல் அவர் வடமேற்குக் கம்பெனியைச் சேர்ந்தார். மரப்பட்டைத் தோணியிலும், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும், குதிரைமீதும், கால்நடையாகவும் அவர் கடந்த தூரம் 50,000 மைலுக்கு மேற்பட்டதென்பர். வழியறிந்து உடன்சென்றோர் அந்நாட்டுப் பழங்குடிகளே. இரவுதோறும் வானை நோக்கிய அவரை அம்மக்கள் விண்மீன் நோக்குபவர் எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1811-ஆம் ஆண்டு ஜனவரியில் உறைபனி மூடிய அத்தபாஸ்கா கணவாயைக் கடந்து, ஜூலையிற் கொலம்பியா நதி பசிபிக் சமுத்திரத்தொடு கலக்கும் முகத்துவாரத்தை எய்தினார்.

1799-ல் அவர் ஷார்லட் ஸ்மால் என்பாளை மணந்தார். அவள் தந்தை ஸ்காத்லாந்து வணிகர். தாய் கிரீ குலத்தவள். இத்தகைய மனைவியரையும் மக்களையும் வனத்திலேயே விட்டு ஊர் திரும்பிய வணிகர் அந்நாளிற் பலர். தாம்ஸன் அங்ஙனம் செய்தாரில்லை. 1812-ல் குடும்பத்தோடு மான்ட்ரீல் பகுதியை அடைந்து, திருச்சபை முறைப்படி தம் விவாகத்தை உறுதிசெய்தார். அவர்களுக்கு 13 மக்கள் பிறந்தனர்.

அவர் வரைந்த பெரும்படம் 1814-ல் நிறைவெய்தி, வில்லியம் கோட்டை மண்டபத்திற் தொங்கவிடப்பட்டது. பிற்காலத்துப் படங்கள் பலவற்றிற்கு அதுவே ஆதாரம். ஆயினும் முதுமையில் வறுமை அவரை வாட்டியது. அருமைக் கருவிகளையும் விற்க நேர்ந்தது. கண்ணொளி குன்றவே, எழுதிவந்த பிரயாண சரித்திரமும் முற்றுப்பெறவில்லை. 1857 பிப்ரவரி 10-ந் தேதி அவர் காலமானார். மூன்று மாதம் நிரம்புமுன் ஷார்லட்டும் பின்தொடர்ந்தாள். 1916-ல் ஜே. பி. டிரல் என்னும் அறிஞர் அச்சரித்திரத்தைப் பதிப்பித்த பின்னரே உலகம் அவரை நன்கறிந்தது. கல்லறைக்கு அடையாளம் நாட்டப்பெற்றதும் அதன் பின்னரேதான்.

தாம்ஸன் அந்நாட்டைத் தமதெனக் கவர்ந்தவரல்லர். அதன் மக்களிடம் கேட்டும், அவர்களுள் ஒருத்தியோடு இறுதிகாறும் வாழ்ந்தும் அதனை அறிந்தவர். ஒரு நாட்டை அறிய விரும்பும் மாணவராகிய நமக்கு இதனினும் நல்ல வழி வேறுண்டோ?